ரூம் சுத்தம் பண்றவங்களுக்குக் காசு வைக்கணுமா டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மாணவி ஒருத்தி போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தாள். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருக்கிறார்கள். ரூமைக் காலி செய்யும்போது இவள் நூறு ரூபாயைக் கட்டில்மேல் வைத்திருக்கிறாள். அவள் கணவர் அதை எடுத்துத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டாராம். "நாலாயிரம் ரூபா வாடகை குடுத்திருக்கோம். அதுலதான் அவங்களுக்குச் சம்பளம். நீங்கல்லாம் இப்படிக் குடுத்துக் குடுத்துத்தான் முதலாளி சம்பளத்தை ஏத்த மாட்டேங்கிறான்" என்றாராம். கார் முதுமலை தாண்டும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லுங்க டீச்சர். வைக்கணுமா, வேண்டாமா?"

வகுப்பில் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருப்பேன். இந்த விஷயத்தில் ஒரு வரியில் பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அறுபது வயது தாண்டும்வரை நானும் அந்தக் கணவரின் கட்சிதான். அவரைவிடக் கடுமையான கட்சி. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

1985-இல் என் மகள் பிறந்தாள். ஓர் அரசு மருத்துவமனை, ஊர் பெயர் வேண்டாம். பிரசவ வார்டு வாசலில் என் வீட்டுக்காரரும் அம்மாவும் நின்றிருக்கிறார்கள். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்த ஆயா, முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் கையை நீட்டினாராம். அங்கே எழுதாத விலைப்பட்டியல் ஒன்று உண்டு. பையன் என்றால் இருபது, பெண் என்றால் பத்து. "பொம்பளப் பிள்ளைதான், பத்து குடுங்க போதும்" என்று ஏதோ தள்ளுபடி தருவதுபோலச் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் இருபதாகவே எடுத்துக் கொடுத்தார். பாசம் பாதி, கோபம் பாதி. என் மகள் இன்றைக்கும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். எனக்குத்தான் அது ஆறவில்லை. அடுத்த மூன்று நாளும் ஸ்ட்ரெச்சர் தள்ளினவர், வெந்நீர் கொண்டு வந்தவர், பெருக்கினவர் என்று ஒவ்வொருவருக்கும் காசு. பக்கத்துக் கட்டிலில் கிராமத்துப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் கொடுக்க வழியில்லை. அவளுக்கு வெந்நீர் வரவில்லை. படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பளம் வாங்குகிற வேலைக்கு மேல்கொண்டு கை நீட்டுவது லஞ்சம், கொடுப்பவர் அதற்குத் துணை போகிறவர் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த முடிவை எல்லா இடத்துக்கும் சுமந்துகொண்டு போனேன். ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தால் சோம்புத் தட்டில் மீதிச் சில்லறை வரும். சப்ளையர் வேண்டுமென்றே நூறு ரூபாய்த் தாளைப் பத்துப் பத்தாக மாற்றி வைப்பார், ஒன்றையாவது விட்டுவிட்டுப் போகட்டும் என்று. நான் ஒவ்வொரு தாளாக எண்ணி எடுத்துக்கொள்வேன். சோம்பையும் எடுத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் வாசல்வரை வந்துவிட்டு, "குடையை வச்சிட்டு வந்துட்டேன்" என்று உள்ளே போய்வருவார். மழை இல்லாத மாதத்திலும் அவர் குடையை மறந்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

கேஸ் சிலிண்டர்காரருடன் மாதா மாதம் வழக்கு. வீட்டில் கொண்டுவந்து தருவதற்கும் சேர்த்துத்தான் பில் என்று நான். "டீச்சர், மாடிப்படி டீச்சர்" என்று அவர். கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய முப்பது கிலோ. எடையும் விசையும் நான் பாடமாக நடத்தியவைதான். இருந்தாலும் பில் தொகைக்கு மேல் ஒரு பைசா கொடுத்ததில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் பள்ளியைச் சுற்றிப் பனங்காடு. சீசனில் பிள்ளைகளின் அம்மாக்கள் ஓலைப்பெட்டியில் நுங்கு கொடுத்தனுப்புவார்கள், சில பேர் கருப்பட்டி. அரசாங்கம் எனக்கும் சம்பளம் கொடுத்தது. ஆனால் அந்தக் கருப்பட்டியை லஞ்சம் என்றோ டிப்ஸ் என்றோ ஒருநாளும் நான் நினைக்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன். அதில் காபி போட்டும் குடித்தேன்.

நான் 2017-இல் ஓய்வு பெற்றேன். அந்த வருஷமே மகள் டெக்ஸாஸுக்கு அழைத்துப் போனாள். அங்கே கார்டைத் தேய்த்தால் திரையில் 18, 20, 22 சதவீதம் என்று கேட்கிறது. எனக்கு வயிறெரிந்தது. மருமகன்தான் விளக்கினார். அந்த நாட்டுச் சட்டப்படி, டிப்ஸ் வாங்குகிற வேலைக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதியை டிப்ஸ் நிரப்பும், நிரப்பாவிட்டால் முதலாளி நிரப்ப வேண்டும். அந்த 2.13 டாலர் 1991-லிருந்து ஏறவே இல்லை. சில மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கின்றன, டெக்ஸாஸ் கொடுப்பதில்லை. "பார்த்தீங்களா, நான் சொன்னது சரியாப் போச்சு. டிப்ஸ் குடுத்தா சம்பளம் ஏறாது" என்று ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். மாணவியின் கணவருக்கு வேண்டுமானால் இந்தக் கணக்கை நானே எடுத்துக் கொடுப்பேன். அவர் சொல்வதில் பொய் இல்லை.

இனிமேல்தான் விஷயம்.

2023 தை மாதம். என் தம்பி மகனுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம், பெண்ணுக்கு அந்த ஊர். மாப்பிள்ளை வீட்டாருக்காக ஒரு ஹோட்டலில் பத்து ரூம் எடுத்திருந்தார்கள். கல்யாண ரூமில் யாரும் காசு வைக்க மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? வாடகை கொடுத்தவர் ஒருவர், படுத்துத் தூங்கியவர் இன்னொருவர். ஆனால் மற்ற நாளைவிட இரண்டு மடங்கு அழுக்கு. தலையணையில் எண்ணெய், விரிப்பில் மருதாணி, வாஷ்பேசினில் மஞ்சள், தரையெல்லாம் உதிர்ந்த மல்லிகைப்பூ.

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. நாலு மணிக்கு எழுந்து, தினம் போடுகிற ஏழு கல் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு ஜிமிக்கி போட்டுக்கொண்டேன். அந்தக் கம்மல் என் கல்யாணத்துக்கு அம்மா போட்டது. அம்மாவுடைய நகையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கண்ணாடி முன்னால் வைத்தது நினைவிருக்கிறது.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தோம். ரூம் பளிச்சென்று இருந்தது. விரிப்பு புதிது, பூ இல்லை, மஞ்சள் இல்லை. கண்ணாடி முன்னால் டிஷ்யூ பேப்பரும் இல்லை.

நான் யாரையும் திருடி என்று சொல்லவில்லை. "இந்த ரூமுக்குள்ள யார் வந்தது?" என்று மட்டும்தான் கேட்டேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் காணாமல்போன பேனாவுக்கும் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் விசாரணை நடத்திய குரல் அது. வராந்தா முழுக்கக் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் சூப்பர்வைசர் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். பின்னாலேயே தள்ளுவண்டியோடு ஓர் அம்மா. சேலைக்கு மேலே நீலக் கோட்டு, வயது நாற்பத்தெட்டு, ஐம்பது இருக்கலாம். அவன் அவரை ஒருமையில்தான் பேசினான். "இங்க இருந்தத எங்க வச்ச?"

"டிஷ்யூ பேப்பரு ஒண்ணு கசங்கிக் கெடந்துச்சுங்க. எடுத்துக் குப்பையில போட்டனுங்க. உள்ள ஒண்ணும் இல்லீங்க சார்."

"உள்ள ஒண்ணும் இல்லேன்னு எப்படித் தெரியும்? பிரிச்சுப் பாத்தியா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் தப்பு. பார்த்தேன் என்றால் ஏன் பார்த்தாய், பார்க்கவில்லை என்றால் எப்படித் தெரியும். அந்த அம்மா பேசாமல் நின்றார். நானும் வகுப்பில் இதே மாதிரிக் கேள்வி கேட்டவள்தான், அதனால் எனக்கு அது அப்போது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

வராந்தாவில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, காலையிலிருந்து சேர்ந்த குப்பைப் பையை அதில் கொட்டச் சொன்னான். ஏழெட்டு ரூம் குப்பை. அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெறுங்கையால் ஒவ்வொன்றாகக் கிளறினார். ஷேவிங் பிளேடு, பிள்ளைக்குக் கட்டிய பேம்பர்ஸ், இன்னும் என்னென்னவோ. கிடைக்கவில்லை. கோட்டுப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னான். கீழேயிருந்து அவருடைய கைப்பையை எடுத்துவரச் சொல்லித் திறந்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். தயிர்ச்சோறு, ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். முந்தானையை உதறச் சொன்னான். உதறினார். எங்கள் சொந்தக்காரர்கள் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும், விட்டுரு" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"சும்மா இருங்க. அம்மா போட்டது" என்றேன்.

சாயங்காலம் ஐந்தரை மணி. ராத்திரி எங்களுக்கு ரயில். தம்பி மொய் நோட்டைக் கொண்டுவந்து, "அக்கா, கூட்டல் சரியான்னு ஒருவாட்டி பாத்துருங்க" என்றான். படிக்கிற கண்ணாடியை எடுக்கக் கூட்டைத் திறந்தேன். கம்மல் இரண்டும் மொய் நோட்டின்மேல் விழுந்தன.

காலையில் டிஷ்யூவில் மடித்து வைத்தவள், போகும்போது மனசு கேட்காமல் அதைப் பிரித்துக் கண்ணாடிக் கூட்டில் போட்டிருக்கிறேன். அரைத்தூக்கம், கல்யாண அவசரம். அந்த அம்மா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. டிஷ்யூ பேப்பர் கசங்கிக் கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

கீழே ரிசப்ஷனுக்கு நானே போனேன். அங்கிருந்த பெண் சிரித்தபடி, "நோ ப்ராப்ளம் மேடம், கெடச்சதே சந்தோஷம்" என்றாள். அந்த அம்மா டூட்டி முடிந்து நாலு மணிக்கே போய்விட்டாராம். பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. காலியான மொய்க் கவர் ஒன்றில் ஐந்நூறு ரூபாய் போட்டு, ரூம் நம்பரை எழுதி, "காலையில் இந்த ரூமைச் சுத்தம் செய்த அம்மாவுக்கு" என்றும் எழுதிக் கொடுத்தேன். "குடுத்துடறோம் மேடம்." ஆயுளில் நான் கொடுத்த முதல் டிப்ஸ் அதுதான். டிப்ஸா அபராதமா என்று தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி ரயிலில் நன்றாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் அதுதான் கூச்சமாக இருக்கிறது.

தூக்கம் பிறகுதான் போனது. ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து, கம்மலைக் கழற்றும்போதெல்லாம் அந்தத் தயிர்ச்சோற்று டப்பா கண்ணில் வந்தது. அதை அவர் பிறகு சாப்பிட்டாரா? ஹோட்டலுக்கு இரண்டு முறை போன் செய்தேன். யாரைக் கேட்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீலக் கோட்டு போட்ட அம்மா என்றால் எத்தனை பேர்?

அதே வருஷம் ஐப்பசியில் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு. கோயம்புத்தூர் போனேன். மறுநாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அந்த ஹோட்டலுக்குப் போனேன். முன்வாசலில் கேட்டால் வேலைக்கு ஆகாது என்று பின்பக்கம் போய் நின்றேன். வேலைக்காரர்கள் போய்வருகிற சின்ன கேட் அங்கே இருக்கிறது. நாலு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொருவர் பையையும் செக்யூரிட்டி திறந்து பார்த்துத்தான் விட்டார். தினமும் அப்படித்தானாம். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு நல்ல பாடம்.

நான் அவரைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கம்மல் அம்மாதானுங்களே?"

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் உட்கார மாட்டேன் என்றார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரயிலிலேயே வாக்கியமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "அந்தக் கவர் கிடைச்சுதாம்மா?" என்பதுதான். முதல் கேள்வியே காசைப் பற்றி.

"எந்தக் கவருங்க?"

வரவில்லை. யார் எடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எங்கேயாவது மேஜை டிராயரில் கிடந்திருக்கலாம், ஷிப்ட் மாறும்போது மறந்திருக்கலாம். ஒரு முறை விசாரணை நடத்தியது போதும். ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு விழுந்த அடி. கம்மல் கிடைத்துவிட்டது என்ற சேதியே அவருக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

"பன்னண்டு நாளு ரூமுக்கு உடலீங்கம்மா. கீழ துணி தொவைக்கிற எடத்துல போட்டுட்டாங்க. நானு கான்ட்ராக்ட்டு ஆளுங்க, கம்பெனி ஆளில்ல. வேண்டாம்னா வரவேண்டாம்னு சொல்லிப்போடுவாங்க. அப்பறம் ஒரு நா சூப்பர்வைசர் தம்பி வந்து, 'அந்தக் கம்மலு அன்னிக்கே கெடச்சுருச்சாமா, நீ நாளையிலருந்து மேல போ'ன்னாருங்க. அவ்வளவுதானுங்க."

"கூட வேலை பாக்கறவங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. டப்பாவத் தொறந்து வச்சுட்டு எந்திரிச்சுப் போகமாட்டாங்க, அவ்வளவுதான்."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர்தான் டீயை ஆற்றிக் குடித்தபடி மற்றதையெல்லாம் சொன்னார். நான் கேட்கக் கேட்கச் சொன்னார் என்பது சரி. டீச்சர் புத்தி.

ஒரு நாளைக்கு அவருக்குப் பதினாலு ரூம். ஆள் தங்கியிருக்கும் ரூம் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். காலி செய்த ரூம்தான் நேரம் இழுக்கும், பாத்ரூம் கண்ணாடியிலிருந்து ஃப்ரிட்ஜ்வரை துடைக்க வேண்டும். மெத்தை கனம், நாலு மூலையும் தூக்கி விரிப்பைச் செருகவேண்டும். முதுகு போவது அதில்தான். டிப்ஸ் என்பது பெரும்பாலும் பெட்டி தூக்குகிற தம்பிகளுக்குத்தான் போகும். அவர்கள் ஆள் இருக்கும்போது எதிரில் வந்து நிற்கிறார்கள். "நாங்க யாரும் இல்லாதப்போ போறவீங்க. எங்கள ஆரு பாக்கறாங்க?" என்றார்.

மேஜைமேல் சும்மா கிடக்கும் காசைத் தொடவே மாட்டார்களாம். அது மறந்து வைத்ததா, கொடுக்க வைத்ததா என்று எப்படித் தெரியும்? ஆளைச் சோதிக்கவே வைக்கிறவர்களும் உண்டு என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் காலி செய்த ரூமில் நூறு ரூபாய் கிடந்தாலும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் எழுதி வைத்து, அப்புறம் கைக்கு வந்தால் உண்டு. ஒரு சீட்டில் "உங்களுக்கு" என்று எழுதி அதன்மேல் வைத்தால் சரி. நேரில் பார்த்துக் கையில் கொடுத்தால் அதைவிடச் சரி. இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள் கடைசி நாள் மொத்தமாக வைத்தால் அது அன்றைக்கு டூட்டியில் இருப்பவருக்குப் போகும். முந்தின நாள் மெத்தை தூக்கினவர் வேறு ஆளாக இருப்பார். மற்ற ஹோட்டல்களில் வேறு மாதிரி இருக்கலாம். இது அந்த அம்மா சொன்னது.

எனக்குள் நாற்பது வருஷமாகக் கிடந்த கேள்வியையும் கேட்டுவிட்டேன். "காசு குடுத்தா உங்களுக்குக் கேவலமா இருக்காதா? பிச்சை போடற மாதிரி?"

அவர் சிரித்தார். "டிப்ஸுக் காசு ஒண்ணுதானுங்க என்ர காசு."

விளங்கவில்லை. விளக்கினார். சம்பளம் பாங்கில் விழுகிறது. விழுந்த அன்றைக்கே குழுக் கடனுக்கு ஒரு பகுதி, மகன் வண்டித் தவணைக்கு ஒரு பகுதி, மீதியை வீட்டுக்காரர் கார்டு போட்டு எடுத்துவிடுவார். பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாமல் ஆனபிறகு, பஸ் காசு என்று கையில் வாங்கிக்கொண்டிருந்ததும் நின்றுபோனது. "டிப்ஸு வந்தது ஆருக்கும் தெரியாதுங்க. பேத்திக்கு முட்டை பப்ஸு வாங்கிட்டுப் போவேன். போன மாசம் கண்ணு டாக்டர்கிட்டப் போனதும் அதுலதானுங்க. ஆரையும் கேக்காமப் போனேன்."

1982-இல் வேலைக்குச் சேர்ந்தவள் நான். முதல் மாதச் சம்பளக் கவரைப் பிரிக்காமல் மாமனார் கையில் கொடுத்தேன். அதுதான் எங்கள் வீட்டு முறை. அரசாங்க வேலை பார்த்த நான், புத்தகக் கடையில் ஒரு நாவல் வாங்க வேண்டுமென்றால் மாமியாரிடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, மாதம் பத்துப் பத்து ரூபாய் வாங்கி, அதை வீட்டில் வைத்தால் தெரிந்துவிடும் என்று பள்ளிக்கூட லேப் அலமாரியில் சோடியம் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சோடியத்தைத் தொட யாருக்கும் தைரியம் வராது. அந்த இருபது ரூபாய் எனக்கு என்னவாக இருந்தது என்று அந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "பாட்டிலு ஒடஞ்சா தீப்பிடிச்சுக்குங்களா?" என்று கேட்டார். தண்ணீர் பட்டால் பிடிக்கும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு ஐந்நூறு ரூபாயை எடுத்தேன். இந்தத் தடவை கவரில் போடாமல் கையில்.

"வாங்கிக்கிறனுங்க" என்றார். மறுக்கவில்லை. "ஆனா ஒண்ணு. நீங்க உள்ள வந்து உங்க வாயால ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போகோணும்."

போனோம். அந்த சூப்பர்வைசர் பையன் சென்னையில் வேறு வேலைக்குப் போய்விட்டான். புதிதாக வந்திருந்த பெண்ணுக்கு எந்தக் கம்மல் என்றே தெரியவில்லை, "ஓகே மேடம், ஓகே மேடம்" என்றாள். யாரிடம் சொல்வது? கேட்டுக்கு வெளியே அவரோடு வேலை பார்ப்பவர்கள் ஐந்தாறு பேர் பையோடு நின்றார்கள். அவர்களிடம் போய்ச் சொன்னேன். கம்மல் என் கண்ணாடிக் கூட்டிலேயே இருந்தது. இந்த அம்மா சொன்னதுதான் உண்மை. நான் தேடிப் பார்க்காமல் பேசிவிட்டேன். வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் முன்னால் நின்ற எனக்கு அந்த ஐந்தாறு பேர் முன்னால் குரல் வரவில்லை. செக்யூரிட்டிகூடப் பை பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அதில் ஒருத்தி மட்டும், "பத்து மாசம் ஆச்சுங்களே" என்றாள். ஆமாம் என்றேன்.

சரி, என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். வை. நூறு ரூபாய் சரியான தொகைதான், ஒரு நாளைக்கு ஐம்பது வைத்தாலும் போதும். கட்டில்மேல் விட்டுவிட்டு வராதே. அவர்களைப் பார்த்துக் கொடு, பார்க்க முடியாவிட்டால் சீட்டு எழுதி வை. ரூமை விட்டு வெளியே போகுமுன் நகையைப் பூட்டி வை, அதுவும் அவர்களுக்குச் செய்கிற உதவிதான். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று போட்டிருந்தால் அது டிப்ஸ் இல்லை. அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்று சொல்லிக் கழிக்கச் சொல்லலாம். கழித்ததைக் கையில் கொடு.

உன் வீட்டுக்காரரிடம் சொல்: சம்பளத்தை ஏற்ற வேண்டியது முதலாளிதான், அதில் அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் நீ எடுத்துப் பையில் போட்ட நூறு ரூபாயைப் பார்த்து எந்த முதலாளியும் சம்பளத்தை ஏற்றப் போவதில்லை. டெக்ஸாஸ் கணக்கைச் சொல்லி நானும் அவர் மாதிரி நிறையப் பணம் மிச்சம் பிடித்திருக்கிறேன். எவ்வளவு என்று ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னமும் எனக்கு மாறவில்லை. கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்று சொல்லிக் கேட்கிற இடத்தில் இன்றைக்கும் கொடுக்க மாட்டேன், சண்டை போடுவேன். பக்கத்துக் கட்டிலுக்கு வராத வெந்நீரை என்னால் மறக்க முடியாது. வேலை முடிந்து, என்னிடம் இனி எதுவும் எதிர்பார்க்க முடியாத ஒருவருக்குக் கொடுப்பது வேறு. நம் பேச்சில் இரண்டுக்கும் காபிச் செலவு, கவனிப்பு, அன்பளிப்பு என்று ஒரே வார்த்தைகளைப் புழங்குவதால் நான் குழம்பியிருக்கிறேன். வேறு சாக்கு என்னிடம் இல்லை.

கேஸ் சிலிண்டர்காரருக்கு இப்போது மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கிறேன். முதல் தடவை கொடுத்தபோது, "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இப்போது எல்லோரும் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுவதால் கையில் சில்லறை இருப்பதில்லை, சோம்புத் தட்டும் காலியாகவே போகிறது. அதனால் என் வீட்டுக்காரர் ஊருக்குப் போகுமுன் பாங்கில் வரிசையில் நின்று ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கி வருகிறார். குடையை மறப்பதை நிறுத்திவிட்டார்.

என்னிடம் படித்தவர்களில் நாலைந்து பேர் ஹோட்டல்களில் வேலை பார்க்கிறீர்கள். ஒருத்தி துபாயில் ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறாள். மேலே ரூம் வேலையைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். டீச்சர் என்று பார்க்க வேண்டாம்.